ஈரத்துணியும் எதிரணியும்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே மூத்தவள் கண்ணாடி முன் நின்றுவிட்டாள். அன்னையர் அரங்கத்து விவாதப் பேச்சு முழுவதும் மனப்பாடம். "அவையோரே" என்று ஆரம்பிப்பதா, "அன்னையரே" என்று ஆரம்பிப்பதா என்பதுதான் முடிவாகவில்லை. இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். இரண்டுக்கும் தாடை தானாக மேலே போனது. நாட்டின் அதிபர் பதவிக்கு நிற்கும் வேட்பாளரம்மா தொலைக்காட்சியில் தூக்கும் தாடை அது.

"இன்னும் கொஞ்சம் தூக்கினா மின்விசிறியில பட்டுடும்" என்றது போர்வை.

போர்வைக்குள் இருந்தவர் மருந்துக்கடைக்காரர். பதினாறு வருடக் கணவன் என்பதால் அவருக்குப் பதில் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

போன வார வியாழக்கிழமை மழையில் நனைந்த குழந்தை சுண்டுவுக்குக் காய்ச்சல் இறங்கி நாலு நாளாகிறது. ஆனால் அந்த வியாழக்கிழமை மட்டும் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

கீழ்த்தளத்தில் மூத்தவளும் மருந்துக்கடைக்காரரும். மேல்தளத்தில் அவர் தம்பி மனைவி இளையவளும், அவளுடைய ஏழு வயது மகள் சுண்டுவும். தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருடத்துக்கு இரண்டு முறை வந்து, சமையலைக் குறை சொல்லிவிட்டுப் போவான். சமையலறை மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. அதன் சுவரில் ஒரு கரும்பலகை, ஏழு கட்டம், ஏழு நாள். இளையவள் ஒவ்வொரு ஞாயிறும் தன் டூட்டி நேரத்தை அதில் சாக்பீஸால் எழுதுவாள்.

இளையவள் ரயில் ஓட்டுகிறாள். ஊர் விட்டு ஊர் போகும் ரயில் இல்லை. சரக்கு நிலையத்துக்குள்ளேயே பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக் கோக்கும் இன்ஜின். ஊரில் அந்த வேலை செய்யும் ஒரே பெண் அவள். பயணிகள் வண்டி ஓட்டத் தேர்வாகியிருக்கிறாள் என்று போன மாதம் கடிதம் வந்தபோது, மருந்துக்கடைக்காரர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இருமல் மிட்டாய் இலவசமாகக் கொடுத்தார். சம்மதப் படிவத்தில் இரண்டே இரண்டு கட்டம். ஏற்கிறேன், ஏற்கவில்லை. கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி.

மூத்தவள் சமையலறைக்கு வந்தபோது இளையவள் நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். படிவம் ரொட்டி டப்பாவின் மேல் கிடந்தது. கட்டத்தில் குறி போட்டாயிற்று.

"என்ன இது, ஏற்கவில்லைன்னு போட்டிருக்கே?"

"ஆமாக்கா."

"சுண்டுவ நாங்க பாத்துக்க மாட்டமா?"

"பாத்துக்க நீங்க இருக்கீங்க. ஞாபகம் வச்சுக்க நான் இருக்கணுமே." இளையவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "அந்த வியாழக்கிழமை ஸ்கூல் பன்னெண்டுக்கே விட்டுடும்னு புதன்கிழமை ராத்திரியே போர்டுல எழுதினேன்னு நினைச்சேன்க்கா. சாக்பீஸ் உடைஞ்சது கூட ஞாபகம் இருக்கு. சாயந்திரம் வந்து பாத்தா அங்க சிலிண்டர் பதிவுன்னு இருக்கு. எழுதாதத எழுதினதா நினைக்கிற ஆளு, விழாத பச்சை சிக்னல விழுந்ததா நினைச்சா என்ன ஆகும்? இங்கன்னா காலிப் பெட்டி. அங்க பின்னாடி எண்ணூறு பேரு."

மூத்தவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கொட்டாவி மாதிரி வந்து போய்விட்டது.

"நீங்க அந்தம்மாவுக்கு ஆதரவாத்தானே பேசப் போறீங்க?"

"ஆமா. ஆதரவுச் சீட்டுத்தான் விழுந்துச்சு."

"ஒரு மணிக்கு டூட்டி முடிஞ்சுடும். சுண்டுவோட வந்து கேக்கறேன். நீங்க பேசறதக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சுன்னா, குறிய மாத்திப் போட்டாலும் போடுவேன்." சிரித்துக்கொண்டே படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகு மூத்தவள் கரும்பலகையைப் பார்க்காமலே பாத்திரம் தேய்த்தாள். ஒன்பது நாளாக அவளுக்கு அது பழகியிருந்தது.

நடந்தது இதுதான். அந்த வியாழன் காலை பலகையில் எழுதியிருந்தது. "பள்ளி 12க்கு விடும். அக்கா, சுண்டு." மூத்தவள் படித்தாள், தலையைக்கூட ஆட்டினாள். பதினொன்றரைக்குத் தொலைக்காட்சியில் வேட்பாளரம்மா மனுத்தாக்கல் செய்யப் போனார். தேர்தல் அலுவலக வாசலில் நின்று, "நான் முதலில் ஒரு தாய்" என்றார். மூத்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் ஒரு பேட்டி, அதற்கு மேல் இன்னொரு பேட்டி. வழக்கம்போல மூன்றரைக்குப் பள்ளிக்குப் போனபோது, காவலாளியின் ஒழுகும் கூண்டுக்குள் சுண்டு பல் நடுங்க நின்றுகொண்டிருந்தாள். இளையவளின் கைப்பேசி டூட்டி நேரத்தில் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். மூத்தவளின் கைப்பேசி, வேட்பாளரம்மாவுக்கு மரியாதையாக, சத்தமில்லாமல் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் குழந்தைக்குத் தலை துவட்டியது. இரண்டாவது காரியம் ஈரத்துணியால் பலகையில் அந்த ஒரு வரியைத் துடைத்தது. கட்டம் காலியாகத் தெரியக் கூடாதென்று அதே ஈரத்தின் மேல் "சிலிண்டர் பதிவு" என்று எழுதினாள். மாலையில் இளையவள் ஓடிவந்தபோது, "நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள். அவ்வளவுதான். பெரிய பொய் சொல்ல நிறைய நேரம் வேண்டும் என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

நூலகத்து மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை அன்னையர் அரங்கம் கூடும். இருபத்தெட்டு உறுப்பினர்கள், முப்பத்தொரு பதவிகள். தலைவி ஒன்பது வருடமாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறார். வேட்புமனுத் தாள்கள் அவர் வீட்டு அலமாரியில் பூட்டியிருப்பதும், தேர்தல் வாரத்தில் அவர் வெளியூர் போய்விடுவதும் இதற்கு ஓரளவு உதவி.

வாசலில் தலைப்பு எழுதி வைத்திருந்தார்கள். "நாட்டின் அதிபர் பதவிக்கு ஒரு தாய் போட்டியிடலாமா?" அதற்கு அடியில் இன்னொரு அறிவிப்பு. "அரங்கத்தின் செயலாளர் பதவிக்குப் போட்டியிட விரும்பும் தாய்மார்கள் பெயர் கொடுக்கவும்." ஐந்து தாய்மார்கள் கொடுத்திருந்தார்கள். மூத்தவள் பெயர் மூன்றாவது.

யாருக்கு எந்த அணி என்பது போன மாதமே பிஸ்கட் டப்பாவில் சீட்டுக் குலுக்கி முடிவானது. எடுத்த சீட்டை மாற்றக் கூடாது, அது ஏழாவது விதி. விதிகளை எழுதியவர் தலைவி.

"உங்களத்தான் தேடிட்டிருக்கேன்" என்று தலைவி படியிலேயே மூத்தவளைப் பிடித்துக்கொண்டார். "தையல்காரம்மாவுக்குத் தொண்டை கட்டிடுச்சு. எதிரணியில ஆள் குறையுது. நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க."

"நான் ஆதரவுச் சீட்டு ஆச்சே. ஏழாவது விதி இருக்கே."

"விதி உறுப்பினர்களுக்கு. நீங்க செயலாளரா வரப் போறவங்க." தலைவி மூத்தவளின் தோளில் இல்லாத நூலொன்றை எடுத்துக் கீழே போட்டார். "அஞ்சு பேரு கேக்கறாங்க. எப்படித் திருப்பினாலும் திரும்பறவங்கதான் அந்த நாற்காலிக்குச் சரிப்படும். இல்லையா?"

மூத்தவள் திரும்பிவிட்டாள். ஒரு படி ஏறும் நேரம்கூட ஆகவில்லை.

பேச இருபது நிமிடம் இருந்தது. வேட்பாளரம்மாவைக் குறை சொல்ல ஒரு வாக்கியம் தேடினாள். பதினைந்து நாள் புகழ்ந்து புகழ்ந்து நாக்கு அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. அதற்குள் விவாதம் தொடங்கிவிட்டது.

"அந்தம்மாவை எதிர்த்து நிக்கிறவருக்கும் மூணு பிள்ளைங்க" என்றார் ஆதரவு அணியில் வக்கீலம்மா. "அவரு பிள்ளைங்களுக்கு யாரு தலை சீவி விடறாங்கன்னு எந்த நிருபராவது கேட்டாரா?"

"அவரு வீட்டுல மனைவி இருக்காங்க" என்றார் எதிரணியில் ரொட்டிக்கடை அம்மா.

"இந்தம்மா வீட்டுல கணவர் இருக்காரே."

"கணவர் இருக்கறத ஒரு ஆள் இருக்கறதா எப்படிங்க கணக்குல எடுக்கறது? எங்க வீட்டையே எடுத்துக்குங்க. போன வாரம் பையன பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னேன். கூட்டிட்டுப் போயி தன் பல்லக் காட்டிட்டு வந்துட்டாரு."

அரங்கம் குலுங்கியது. தலைவி மணியடித்தார். மூத்தவள் பெயர் அழைக்கப்பட்டது.

அவள் மேடையில் நின்றாள். தாடை தூக்கியது. எதிரே செயலாளர் நாற்காலி காலியாக இருந்தது, அதில் புது மெத்தை போட்டிருந்தார்கள். மூளை தடவித் தடவித் தேடியதில் வீட்டுச் சமையலறைதான் கைக்குக் கிடைத்தது.

"எனக்குத் தெரிந்த ஒரு வீடு" என்று ஆரம்பித்தாள். "அங்கே ஒரு தாய். ஆண்களே தயங்கும் ஒரு வேலைக்குப் போகிறவள்."

இருபத்தெட்டுப் பேர் மனதிலும் ஒரே நேரத்தில் ஒரு ரயில் ஓடியது.

"ஒரு நாள் பள்ளி பன்னிரண்டு மணிக்கே விட்டுவிட்டது. அந்தத் தாய் அதை யாரிடமும் சொல்லவில்லை. மறந்துவிட்டாள். ஏழு வயதுக் குழந்தை அன்னையரே, மூன்றரை மணி நேரம், கொட்டும் மழையில். காய்ச்சல் நூற்று மூன்று. நான் அந்தத் தாயைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். ஒரு குழந்தையை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவள், ஒரு நாட்டை எப்படி நினைவில் வைத்துக்கொள்வாள்?"

கைதட்டல் கூரையில் மோதியது. தலைவி நேரம் முடிந்தும் மணியடிக்கவில்லை, மணியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். மூத்தவள் அந்தச் சத்தத்தில் ஒரு கணம் மிதந்தாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தாள்.

இளையவள் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் எண்ணெய்க் கறை. மடியில் சுண்டு. அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். கேலியாக இல்லை. தலையை மெல்ல ஆட்டியபடி, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொள்கிறவள் போல.

மூத்தவளுக்குக் காதுமடல் பற்றி எரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சந்தேகம்" என்று வக்கீலம்மா எழுந்தார். "அந்த வீட்டுல வேற பெரியவங்க யாருமே இல்லையா?"

தலைவி அவசரமாக மணியை எடுத்து அடித்தார். "குறுக்குக் கேள்விக்கு இடமில்ல. பன்னெண்டாவது விதி."

முதல் பரிசு மூத்தவளுக்கு. அரங்கம் எந்தக் கட்சியையும் சாராதது. அதை நிரூபிக்கத்தான் சிறப்பு விருந்தினரை எதிர் வேட்பாளரின் பிரசார அலுவலகத்திலிருந்து அழைத்திருந்தார்கள். பேச்சு முழுவதையும் கைப்பேசியில் படம் பிடித்திருந்த அவர், வண்ணத்தாள் சுற்றிய வட்டமான பெட்டி ஒன்றைக் கொடுத்து, "அடுத்த வாரம் மைதானத்துல பெரிய கூட்டம். இந்தக் கதைய அங்கயும் சொல்லுங்கம்மா. வண்டி அனுப்பறோம்" என்றார்.

பெட்டிக்குள் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

இளையவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "நல்லா பேசினீங்கக்கா."

"அது வந்து, சீட்ட மாத்திட்டாங்க. கடைசி நேரத்துல."

"எந்தச் சீட்டா இருந்தா என்ன. நடந்ததத்தானே சொன்னீங்க. எம் பேரச் சொல்லாம விட்டீங்களே, அதுவே பெரிசு." சுண்டுவின் கையை எடுத்து மூத்தவளின் கையில் வைத்தாள். "நான் ஆபீஸுக்குப் போயி படிவத்தக் குடுத்துட்டு வந்துடறேன். இவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. உங்கள விட்டா எனக்கு யாருக்கா."

அவள் படியிறங்கினாள். கூப்பிட்டிருக்கலாம். நாலு படிதான் இறங்கியிருந்தாள். ஆனால் அதே நேரத்தில் தலைவி, "போட்டோ" என்றார். மூத்தவள் பெட்டியை மார்போடு அணைத்து நின்றாள். "சிரிங்க" என்றார்கள். சிரித்தாள்.

தெருவுக்கு வந்ததும் சுண்டு அவள் கையை இழுத்தாள்.

"பெரியம்மா, மறந்துட்டாங்கன்னு சொன்னீங்கல்ல. அது எங்க அம்மாவா?"

"கதைடா அது. சும்மா."

"கதையில மழை இருந்துச்சே."

"எல்லாக் கதையிலயும் மழை இருக்கும்."

"எங்க அம்மா மறக்கல பெரியம்மா. நான் பால் குடிக்கறப்ப போர்டுல படிச்சேன். எம் பேரு இருந்துச்சு, அக்கான்னு இருந்துச்சு. அதான் நீங்க வருவீங்கன்னு அங்கயே நின்னேன். அம்மாகிட்ட சொன்னேன். காய்ச்சல்ல உளறுறேன்னு நெத்தியில ஈரத்துணி போட்டுட்டாங்க."

மூத்தவள் நடைபாதையில் நின்றுவிட்டாள். அவளுக்கு முதலில் தோன்றியது என்ன என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டால் நாகரிகமாக இருக்கும். சொல்லத்தான் வேண்டும். சின்னப் பெண்தானே, யார் நம்பப் போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியது தெரிந்ததும் அவளுக்குத் தன் கையையே உதற வேண்டும் போலிருந்தது. அந்தக் கையைத்தான் சுண்டு பிடித்திருந்தாள்.

"மணி என்ன பெரியம்மா?"

பெட்டிக்குள் அது துடித்தது.

சரக்கு நிலையம் போகும் பேருந்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த இடம் பெரிதாகிக்கொண்டே போனது. பக்கத்தில் இருந்தவர் மெல்ல நகர்ந்தார். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள என்னம்மா டிக் டிக்குங்குது?" என்றார் நடத்துநர்.

"கடிகாரம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பிரிச்சுக் காட்டுங்க."

மூத்தவள் வண்ணத்தாளைக் கிழித்தாள். வட்டமான சுவர்க்கடிகாரம். நடுவில் பொன்னெழுத்தில் "சிறந்த அன்னை". அதைவிடப் பெரிய எழுத்தில் "அன்பளிப்பு: தலைவி". மணி நாலு இருபத்தெட்டு.

"ஓ" என்ற நடத்துநர் மரியாதையாக ஒதுங்கி, "சிறந்த அன்னை ஒருத்தங்க உக்காந்திருக்காங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று பேருந்து முழுவதும் கேட்கச் சொன்னார். ஒரு கிழவர் எழுந்து நின்று பார்த்தார். பத்தொன்பது நிமிடப் பயணம். கடிகாரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது ஒருவருக்கு அது தெரிந்தது.

ஓட்டுநர்கள் பதிவறை நீளமான கூடம். டூட்டிக்கு வந்தவர்கள் குடிக்கவில்லை என்று ஊதிக் காட்டும் கருவி ஒரு பக்கம், கம்பி வைத்த ஜன்னல் ஒரு பக்கம். நாலு ஓட்டுநர்கள் கையெழுத்துப் போடக் காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இளையவள். உள்ளே எழுத்தர் படிவத்தைச் சரிபார்த்துவிட்டு முத்திரையைக் கையில் எடுத்தார்.

"நிறுத்துங்க" என்றாள் மூத்தவள்.

"இது ரயில்வே ஆபீஸும்மா. இங்க ரயிலையே சிவப்பு காட்டித்தான் நிறுத்துவோம்" என்றார் எழுத்தர்.

இளையவள் திரும்பினாள். முதலில் பார்த்தது சுண்டுவை. "என்னாச்சு? மறுபடி காய்ச்சலா?"

"இல்ல. நான் ஒண்ணு சொல்லணும்." தாடை தூக்கப் பார்த்தது. தூக்கவில்லை. "அவையோரே" இல்லாமல் பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே மூத்தவளுக்குத் தெரியவில்லை. கடிகாரத்தைத் தரையில் வைத்தாள். "நீ மறக்கல."

"எத?"

"வியாழக்கிழமைய. நீ எழுதியிருந்தே. பள்ளி பன்னெண்டுக்கு விடும், அக்கா, சுண்டு. நான் காலையில படிச்சேன். அப்புறம் டிவியில அந்தம்மா மனுத்தாக்கல் காட்டினாங்க. உக்காந்துட்டேன். மூணரைக்குத்தான் போனேன்."

"போர்டுல இல்லையேக்கா."

"அழிச்சேன். ஈரத்துணியால. கட்டம் காலியா தெரியக் கூடாதுன்னு சிலிண்டர்னு எழுதி வச்சேன்."

நாலு ஓட்டுநர்களும் ஒரே சமயத்தில் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள்.

திட்டுவாள் என்று மூத்தவள் நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"நான் எழுதினேனா?" என்றாள் இளையவள்.

"எழுதினே."

"சாக்பீஸ் உடைஞ்சுச்சு."

"உடைஞ்சுதான் கிடந்துச்சு. நான்தான் பெருக்கினேன்."

இளையவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஒன்பது நாளா ஒவ்வொரு சிக்னலையும் ரெண்டு தடவ பாத்தேன். பக்கத்துல இருக்கறவர்கிட்ட பச்சைதானேன்னு கேட்டேன். ஒரு தடவ கேட்டா பரவாயில்ல. நாள் முழுக்கக் கேட்டேன். அவர் எனக்கு ஏதோ வியாதின்னு நினைச்சுட்டார்."

காத்திருந்தவர்களில் ஒருவர் இருமினார். அவர்தான் போலிருக்கிறது.

"மன்னிச்சுடு" என்றாள் மூத்தவள். மேடையில் எவ்வளவு பெரிதாக வந்த குரல், இங்கே பக்கத்தில் நின்ற சுண்டுவுக்கே கேட்டிருக்குமா தெரியவில்லை.

"இன்னிக்கு நீங்க அத மேடையில சொன்னப்ப நான் கைதட்டினேன்."

"ஆமா."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு, போட்டோவுக்கு நின்னீங்க."

தரையில் கடிகாரம் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நாலு அம்பத்திரெண்டு" என்றார் எழுத்தர், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. "முத்திரை குத்தவா, வேணாமா?"

இளையவள் எழுந்து கம்பிக்குள் கையை விட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டாள். "வேற படிவம் இருக்கா?"

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். அடிச்சுத் திருத்தினா மேலதிகாரி கையெழுத்து வேணும்."

"அவர் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கார். எப்பவும் அஞ்சுக்கு மேலதான் வருவார்."

இளையவள் வாசல் வரை போய் நின்றாள். திரும்பாமலே சொன்னாள். "சுண்டுவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அழிச்சத எழுதி வைங்க. உங்க கையெழுத்துல."

அவ்வளவுதான். அதில் 'அக்கா' இல்லை. அந்தச் சொல் இல்லாமல் இளையவள் பேசி மூத்தவள் கேட்பது பத்து வருடத்தில் இதுதான் முதல் தடவை.

வீட்டில் மூத்தவள் உடைகூட மாற்றவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து, வியாழன் கட்டத்தில் இன்னும் அழியாமல் கிடந்த "சிலிண்டர் பதிவு" என்பதைத் துடைத்தாள். காயும்வரை காத்திருந்து எழுதினாள். "பள்ளி 12க்கு விடும். அக்கா, சுண்டு." அடியில், "அழித்தது நான்."

கடை சாத்திவிட்டு வந்த மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சிலிண்டர் வந்துடுச்சா?"

"சிலிண்டருக்குச் சொல்லவே இல்ல."

அவர் பலகையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எப்போதும் ஏதாவது கிண்டல் சொல்லும் மனுஷன். "அன்னிக்கு ராத்திரி நான் அந்தப் பொண்ணத் திட்டினேனே" என்று மட்டும் சொன்னார். "பெத்த பிள்ளைய விட உனக்கு இன்ஜின் பெரிசான்னு கேட்டேனே. நீ பக்கத்துல நின்னு தட்டு வச்சுக்கிட்டிருந்தே."

"ஆமா."

அவர் சாப்பிடாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கைப்பேசி அடித்தது. தலைவி.

"உங்க பேச்ச விருந்தினர் எல்லாருக்கும் அனுப்பிட்டாருங்க. மூவாயிரம் பேரு பாத்தாச்சு. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க உங்க வீட்டுக்கே வராங்க. அந்த ரயில் ஓட்டற பொண்ணையும் பக்கத்துல நிக்க வச்சுடுங்க."

"அத நீக்கச் சொல்லுங்க. நான் சொன்னது பொய். மறந்தது நான்தான்."

அந்தப் பக்கம் சற்று நேரம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "பரிசு வாங்கின பேச்ச பொய்யின்னு பேச்சாளரே சொல்றதுக்கு விதியில இடமில்லையே" என்றார் தலைவி. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. செயலாளர் விஷயத்துல மத்த நாலு பேரும் வாபஸ் வாங்கிட்டாங்க."

மூத்தவள் கைப்பேசியை அணைத்தாள். மதியம் என்றால் அந்தச் செய்திக்கு அவள் ஆடியிருப்பாள்.

வாசல் கதவு திறந்தது.

இளையவள் உள்ளே வந்தாள். பையைக் கழற்றவில்லை. படியில் இருந்த மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். அவள் நேராகச் சமையலறைக்குப் போய் பலகை முன் நின்றாள். வியாழன் கட்டத்தை ஒரு முறை படித்தாள். இரண்டாம் முறை பார்க்கவில்லை.

பிறகு அடுத்த வாரத்துக்காகப் பழைய டூட்டி நேரங்களை ஒவ்வொன்றாக விரலால் அழித்தாள். வியாழனைத் தொடவில்லை. அலமாரி விளிம்பிலிருந்த உடைந்த சாக்பீஸை எடுத்து, திங்கள் கட்டத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தாள்.

அவள் முதுகு மறைத்தது. சரக்கு நிலையத்து நேரமா, பயணிகள் வண்டியின் நேரமா, தெரியவில்லை. இரண்டடி எடுத்து வைத்தால் தெரிந்துவிடும். மூத்தவள் எடுத்து வைக்கவில்லை. கேட்கவும் இல்லை.

அவள் கையில் அந்த ஈரத்துணி இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.